தக்காளி வேர்முடிச்சு: எரு, புண்ணாக்கு, சணப்பு போட்டுப் பார்த்த கணக்கு

கடைசிப் பறிப்பு முடிந்து தக்காளிச் செடிகளைப் பிடுங்கியாயிற்று. வழக்கமாகத் தண்டைப் பிடித்து இழுத்து வரப்பில் வீசிவிடுவோம். இந்த முறை மண்வெட்டியால் சுற்றிக் கொத்தி, வேர் அறாமல் தூக்கி, வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவி, சோதனைக்காகப் பிரித்த நான்கு பட்டையில் (துண்டு நிலத்தில்) ஒவ்வொன்றுக்கும் 10 செடி வீதம் சாக்கில் பரப்பினேன். எதுவும் போடாத பட்டையின் வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு போல வீக்கம். வேருக்குள் குடியேறும் நூற்புழு என்ற, கண்ணுக்குத் தெரியாத மண்புழுதி அளவுப் புழுவின் வேலை இது. தொழுவுரம் மட்டும் போட்ட பட்டையிலும் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் செடி நன்றாக இருந்தது, காயும் காய்த்தது. வேப்பம்புண்ணாக்கு போட்டதிலும், சணப்பு என்ற பசுந்தாள் உரப் பயிரை மடக்கி உழுததிலும்தான் வெள்ளை வேர் பார்க்க முடிந்தது. மண்ணில் மக்கு, அதாவது மக்கிய எருவும் தழையும், சேர்ந்தால் நூற்புழு தானாகப் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு மக்கு என்பதை விட, எது, எந்த நேரத்தில் மக்குகிறது என்பதுதான் எங்கள் மண்ணில் வேலை செய்தது.

எங்கள் காடு, அதாவது விளைநிலம், சேலத்தை அடுத்த குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. மணல் கலந்த செம்மண். தண்ணீர் விட்டால் உடனே உள்ளே போகும், இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இந்த மாதிரி மண்தான் பிடிக்கும். களிமண்ணில் அதனால் இவ்வளவு தாராளமாக நகர முடியாது. மண்வள அட்டையில், மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.36 சதம் என்று வந்தது. 0.5-க்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் போனால் அதிகம் என்பது அட்டைக் கணக்கு. அதில் தக்காளி, கத்தரி, வெண்டை என்று மாற்றி மாற்றி வைத்தோம். பயிர் மாறுகிறதே என்று நமக்கு நினைப்பு. நூற்புழுவுக்கு மூன்றும் ஒரே சாப்பாடு.

உச்சி வெயிலில் செடி தொங்கும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் பற்றவில்லை என்று மோட்டாரை இன்னும் அரை மணி நேரம் ஓட்டுவோம். இலை வெளிறும், யூரியா கொஞ்சம் கூடப் போகும். அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி வளராமல் நிற்கும். இந்தத் திட்டுதான் அடையாளம். தண்ணீர்க் குறை என்றால் வரிசை முழுக்கத் தெரியும், இது வட்டமாகப் பரவும்.

பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல முடிச்சு வேரின் மேல் ஒட்டியிருக்கும். நகத்தால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், பிய்த்தால் வேர்தான் அறும். சவர பிளேடால் ஒரு வீக்கத்தைப் பிளந்து கைலென்சில் பார்த்தால், வெள்ளையாக, உருண்டையாக, ஒரு பக்கம் கழுத்து நீண்டு, கடுகில் பாதி கூட இல்லாத பெண் புழு உட்கார்ந்திருக்கும். வேருக்கு வெளியே அதன் வால் பக்கம் பழுப்பு நிறத்தில் பசை போல ஒரு துளி. முட்டைக் கூடு அதுதான். ஒரு கூட்டில் சில நூறு முட்டை. சேலம் வெயிலுக்கு ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். நான்கு மாதத் தக்காளியில் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முன்பு இதற்குக் குருணை மருந்து போடுவோம். அதில் ஃபோரேட் 2020 கடைசியோடு தடை ஆகிவிட்டது. அது நல்லதுதான், அதைக் கையில் அள்ளித் தூவிய காலத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எதிர்ப்பு ரகம் வைக்கலாமே என்பார்கள். தக்காளியில் அந்த எதிர்ப்பைக் கொடுக்கும் மரபணுவுக்கு மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் வேகம் போய்விடும். எங்கள் பக்கம் மாசி பங்குனி மண்ணுக்கு 28 டிகிரி காலைக் குளிர். அதனால் வழக்கமாக வைக்கும் பி.கே.எம். 1 ரகத்தையே வைத்துக்கொண்டு, மண்ணைத்தான் மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது பலதானிய விதைப்பு. கம்பு, சோளம், எள், ஆமணக்கு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து எல்லாம் கலந்து விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுவது. பச்சைப் பசேலென்று இடுப்பளவு வந்தது. உழவு வண்டிக்காரர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்ததில் பயறு காய் பிடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டது. உழுகிற அன்று ஒரு தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நல்ல முடிச்சு நாலைந்து, கெட்ட முடிச்சு வேர் முழுக்க. தட்டைப்பயறும் பாசிப்பயறும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து. ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கவிட்டால் மண்ணுக்கு மக்கும் சேரும், கூடவே முட்டையும் சேரும். அடுத்து வைத்த தக்காளி முன்பை விட மோசமாக இருந்தது. பலதானியத்தைக் குறை சொல்லவில்லை. நூற்புழு இருக்கிற காட்டில் அந்தக் கலவையிலிருந்து பயறு வகைகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்திலேயே உழுதுவிட வேண்டும்.

சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் வேரைக் காட்டிக் கேட்டபோது, "சணப்பு போடுங்க, அதுல இந்தப் புழு பெருகாது" என்றார்கள். அப்புறம்தான் இந்த நான்கு பட்டை.

ஒவ்வொன்றும் 3 சென்ட். சரிவில் மேலே இருப்பது நான்காவது, கீழே இருப்பது முதலாவது. எதுவும் போடாத முதல் பட்டையைக் கடைக்கோடியில் வைத்ததற்குக் காரணம், மழைத் தண்ணீர் அதன் மண்ணை மற்றவற்றுக்கு அடித்துக்கொண்டு வரக் கூடாது என்பதுதான். இடையில் இரண்டடி வெற்றுத் தரை. களை கொத்தும்போதும் நான்காவதில் ஆரம்பித்து முதலாவதில் முடிப்பது, மண்வெட்டியைக் கழுவிவிட்டு வைப்பது. கூலிக்கு வந்த அக்காக்கள் இரண்டு நாள் சிரித்தார்கள், பிறகு அவர்களே கழுவினார்கள்.

இரண்டாவது பட்டைக்கு மக்கிய தொழுவுரம் மட்டும் 300 கிலோ. ஏக்கருக்கு 10 டன் கணக்கு. மூன்றாவதுக்குத் தொழுவுரம் பாதி, அதோடு வேப்பம்புண்ணாக்கு 12 கிலோ. சிபாரிசு எக்டருக்கு 250 கிலோ, அதாவது சென்ட்டுக்கு ஒரு கிலோ. நான் போட்டது அதைப் போல நான்கு மடங்கு. காடு முழுக்க விசிறாமல், செடி வைக்கப்போகும் வரிசையில் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் கீறி, அதில் போட்டு மண்ணோடு கிளறி மூடினேன். கட்டியாக இருந்த புண்ணாக்கை முந்தின நாளே உலக்கையால் இடித்துக்கொண்டேன். கட்டியோடு போட்டால் ஓரிடத்தில் வேரைக் கருக்கும், ஓரிடத்தில் ஒன்றுமே செய்யாது.

நான்காவதில் சணப்பு அரைக் கிலோ விதைத்து, பூ எடுக்கும் முன்பே, சுமார் 45 நாளில் ரோட்டவேட்டரால் மடக்கியது. அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்க நாளாகும். மேலே தொழுவுரம் 100 கிலோ. அதில் பர்பூரியோசிலியம் பூஞ்சாணப் பொடி ஒரு கிலோவைக் கலந்து, புளிய மரத்து நிழலில் குவித்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, இரண்டு வாரம் அவ்வப்போது புரட்டிக் கொடுத்தேன். நூற்புழு முட்டையைத் தின்கிற பூஞ்சாணம் அது. முன்பு பேசிலோமைசிஸ் என்று விற்றதும் இதுதான், பெயரை மாற்றியிருக்கிறார்கள். டால்க் பொடியில் வருவதால் ஆறு மாதத்துக்கு மேல் பழசை வாங்காதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கம் தேதி பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது போன தீபாவளிச் சரக்கு.

நடவுக்கு முன் காத்திருக்கிற காலம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். பச்சையாக மடக்கியதும் மண்ணில் பெரிய சண்டை நடக்கிறது. அம்மோனியா வரும், புளித்த வாடை அடிக்கும், நாற்றை அழுகவைக்கும் பூஞ்சாணமும் அந்த நேரத்தில் துள்ளும். இதே வேகம்தான் நூற்புழுவையும் அடிக்கிறது. ஆகவே அந்த வேகம் மண்ணில் இருக்க வேண்டும், நாற்று அப்போது அங்கே இருக்கக் கூடாது. மூன்று வாரம் சொட்டுநீர்க் குழாயைத் தினமும் சற்று நேரம் திறந்து ஈரத்தைக் காத்தேன். மண் காய்ந்தால் மக்குவது நின்றுவிடும், காத்திருப்பதும் வீண்.

எப்போது நடலாம் என்பதற்கு அம்மா ஒரு வழி சொன்னார். பட்டை மண்ணை ஒரு கொட்டாங்குச்சியில் அள்ளி, தண்டுக்கீரை விதையைத் தூவி வை, பொசுக்கென்று முளைத்து நின்றால் நடு, முளைத்துக் கருகினால் பொறு. புண்ணாக்குப் பட்டை மண்ணில் முதல் வாரம் போட்ட விதை முளைத்து நுனி கருகியது. இரண்டாவது வாரக் கடைசியில் போட்டது பச்சையாக நின்றது. சணப்புப் பட்டைக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஆனது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில்லை.

நாற்று குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவில் வளர்த்தது. வாங்கும்போது நாலைந்தை உருவி வேரைப் பார்த்துத்தான் வாங்கினேன். தரையில் பாத்தி போட்டு விடும் நாற்று என்றால் முடிச்சோடே வர வாய்ப்பு உண்டு. அப்புறம் நான்கு பட்டை என்ன, நாற்பது பட்டை போட்டாலும் ஒன்றும் தெரியாது.

பயிர் நிற்கும்போதே மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன ஏற்பாடு. 40 ரூபாய் பிளாஸ்டிக் மாவுச் சல்லடை, அதில் ஒரு டிஷ்யூ பேப்பர், அதன் மேல் ஒரு டம்ளர் மண்ணை மெல்லிசாகப் பரப்பி, ஒரு தட்டில் வைத்து, மண்ணின் அடிப்பக்கத்தைத் தொடுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். ஒரு நாள் அசையாமல் வைத்தால் உயிரோடு இருக்கிற நூற்புழுக்கள் பேப்பர் வழியாக நுழைந்து தட்டுத் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி இரண்டு மணி நேரம் தெளியவிட்டு, அடியில் இருப்பதை ஒரு சொட்டு எடுத்து, மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்தேன். 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

முதலில் பார்த்தது புண்ணாக்குப் பட்டை மண். பகீர் என்றது. எதுவும் போடாத மண்ணை விடப் புழு அதிகம். செலவு செய்து புழு வளர்த்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது. பிறகு நிதானமாகப் பார்த்தால், இவை துள்ளித் துள்ளி வளைகின்றன, வாயில் ஊசி இல்லை. பாக்டீரியாவைத் தின்று வாழும் நூற்புழுக்கள். மக்கு சேர்ந்தால் பாக்டீரியா பெருகும், அதைத் தின்ன இவையும் பெருகும். வேரைத் துளைக்கிற குட்டிப் புழு மெதுவாக நெளியும். தலைப்பக்கம் மெல்லிய ஊசி ஒன்று பளபளக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளம். அப்படிப்பட்டவை முதல் பட்டைச் சொட்டில் சாதாரணமாகக் கிடைத்தன, மூன்றாவதில் தேட வேண்டியிருந்தது. மொத்தப் புழு எத்தனை என்று யாராவது எண்ணிச் சொன்னால், எந்தப் புழு என்று திருப்பிக் கேளுங்கள்.

தொழுவுரப் பட்டை எனக்குப் புதிராகவே இருந்தது. உச்சி வெயிலில் முதல் பட்டை துவண்டு கிடக்கும், இரண்டாவது நிமிர்ந்து நிற்கும். வேரைக் கொத்திப் பார்த்தால் இரண்டிலும் முடிச்சு. மக்கிய எரு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, சத்துக் கொடுக்கிறது, அடிபட்ட வேரை வைத்துக்கொண்டே செடி சமாளிக்கிறது. ஆனால் ஆட்டம் எல்லாம் எருக்குழியிலேயே முடிந்து, அமைதியாக வந்து சேர்ந்த மக்கு அது. புழுவை விரட்டுகிற காரம் அதில் மிச்சமில்லை. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. அவர் தோட்டத்து மண் கறுப்பு, காலை வைத்தால் இலைச்சருகில் புதையும். ஆனாலும் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி மஞ்சளாகி மெல்ல மெல்லச் சாகிறது. வேரைத் தோண்டினால் நூற்புழு.

இந்த முடிச்சு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1901-இலேயே சி.ஏ. பார்பர் என்ற தாவரவியல் அறிஞர் நீலகிரி தேவாலாவில் தேயிலை வேரில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பிற்பாடு கோவையில் கரும்பு ரக ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த அதே பார்பர். மக்குவதற்கும் நூற்புழு குறைவதற்கும் உள்ள தொடர்பை 1930-களில் ஹவாயில் லின்ஃபோர்டு என்பவர் கவனித்தார். நறுக்கிய அன்னாசி இலைகளை மண்ணில் கலந்து மக்கவிட்டபோது வேர்முடிச்சு குறைந்தது. மக்கி முடித்த பிறகு கலக்கவில்லை, மண்ணிலேயே மக்கவிட்டார். இதைப் படித்த பிறகுதான் என் இரண்டாவது பட்டை எனக்கே புரிந்தது.

சரி, கணக்கு. வேர் வீக்கத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டேன். 0 என்றால் சுத்தம், 5 என்றால் வேரே இல்லை, வீக்கம்தான். சராசரியாக முதல் பட்டை 4.3, தொழுவுரம் 3.6, புண்ணாக்கு 1.9, சணப்பு 1.6. விளைச்சல் 25 கிலோ கிரேட்டில் முறையே 7, 11, 13, 14. புண்ணாக்குக்கும் சணப்புக்கும் இடையில் ஒரு கிரேட் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், மேல் பட்டையில் மண் கொஞ்சம் ஆழம். முதலாவதுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் நிச்சயம். அதிலும் முதல் பட்டைக் காய் சிறுத்துப் போனதால் அம்மாபேட்டை உழவர் சந்தையில் இரண்டாம் ரக விலைதான்.

செலவைப் பார்த்தால், தொழுவுரம் டிராக்டர் டிப்பர் 4,000 ரூபாய்க்கு வருகிறது. புண்ணாக்கு கிலோ 35, ஆக 12 கிலோவுக்கு 420 ரூபாய். இதையே ஏக்கருக்கு நீட்டினால் 400 கிலோ, 14,000 ரூபாய். தக்காளி கிலோ 8 ரூபாய்க்கு விற்கிற மாதம் இதை நினைத்தால் தூக்கம் வராது. சணப்பு விதை, ரோட்டவேட்டர், பூஞ்சாணப் பொடி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு அதில் பாதிக்குள் அடங்கும். ஆனால் நிலத்தை இரண்டு மாதத்துக்கு மேல் பயிரில்லாமல் விட வேண்டும். தண்ணீரும் வேண்டும். கோடையில் கிணறு வற்றுகிற எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆடி மழையை நம்பிச் சணப்பு விதைத்து, புரட்டாசியில் நடுகிற மாதிரி வைத்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும்.

நான்காவது பட்டையில் சணப்பையும் பூஞ்சாணத்தையும் ஒன்றாகப் போட்டதால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை சணப்பு தனி, பூஞ்சாணம் தனி. புண்ணாக்கையும் பாதியாகக் குறைத்து, சென்ட்டுக்கு இரண்டு கிலோ போட்டுப் பார்க்க வேண்டும். நாமக்கல் கோழி எரு இதை விட மலிவு, அம்மோனியாவும் நிறைய. அதற்கும் கொட்டாங்குச்சி கீரை சோதனைதான் வழி. இன்னொன்று மரவள்ளி. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. பிரேசிலில் மரவள்ளிக் கிழங்கைப் பிழிந்த பச்சைச் சாற்றை நூற்புழுவுக்கு மண்ணில் ஊற்றுகிறார்கள், அதிலிருக்கும் சயனைடுதான் மருந்து. ஆலையிலிருந்து வெளியே வரும் கழிவு நீர் அந்தப் பச்சைச் சாறு இல்லை, நீர்த்துப் புளித்தது. ஆகவே ஆலைத் தண்ணீரை அப்படியே பாய்ச்சிவிடாதீர்கள். பச்சைத் தோலை மட்டும் வாங்கி, ஒரு சென்ட்டில் புதைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பிடுங்கிய வேர்களை எருக்குழியில் போடவில்லை. பக்கத்துக் காட்டு அண்ணன், "ஏனுங்க, அதையும் மக்கவெச்சா எருதானுங்களே?" என்று கேட்டார். எங்கள் குழி சூடு ஏறாத குழி. அதில் முட்டைக் கூடு செத்துவிடும் என்று நம்பி, அடுத்த வருடம் நாமே கூடை கூடையாகக் காட்டுக்குள் விதைக்க முடியாது. பாறை மேல் பரப்பி, நன்றாகக் காய்ந்து நொறுங்குகிற வரை விட்டு, கொளுத்திவிட்டேன். வேர் அறுந்து மண்ணில் தங்கியதற்கு, நான்கு பட்டையையும் சித்திரை வெயிலில் இரண்டு முறை புரட்டிப் போட வேண்டும், அதற்கு வண்டி சொல்லியாயிற்று. முதல் பட்டையில் இந்த ஆடிக்குச் சணப்பு, சுற்று வரப்பில், நூற்புழுவைக் குறைக்கும் என்பதால், செண்டுமல்லி.